துரை தோட்டத்துக்கு மேற்கு

அன்பு மருமகளுக்கு, மாமா எழுதுவது.

நீ அனுப்பிய பத்திர நகலைப் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு முறை படித்தேன். செக்குபந்தி சொல்லும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாய்: வடக்கே ஓடை, தெற்கே வண்டிப்பாதை, மேற்கே பங்காளி நிலம், கிழக்கே ‘துரை தோட்டம்’. அந்தத் துரை யார், எப்போது வந்தார், இங்கே அவருக்கு நிலம் எப்படிக் கிடைத்தது என்று கேட்கிறாய். இன்று அங்கே கம்பெனி ஆட்களுக்கான வாடகை வீடுகள் வரிசையாக நிற்கின்றன, யாரைக் கேட்டாலும் தெரியவில்லை, ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி மட்டும் கல்படி வைத்த பழைய கிணறு ஒன்றைக் காட்டினார் என்றும் எழுதியிருக்கிறாய்.

அந்தப் பாட்டியைப் போய்ப் பார்த்தாயே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். முப்பது வருடம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவன் நான். செக்குபந்தியில் வரும் பெயரைப் பற்றி ‘இவர் யார்’ என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள். அந்தத் துரை வெள்ளைக்காரர்தானா? துரைசாமி என்ற பெயரையும் ஊரில் துரை என்றுதான் கூப்பிடுவோம். அதோடு ஓசூர்ப் பக்கத்து நம் ஊர் மூன்று மொழி ஊர். கன்னடத்தில் ‘தொரெ’ என்றால் அரசர், தெலுங்கில் ‘தொர’ என்றால் ஊரை ஆளும் பெரியவர். பாகலூர், சூளகிரி, பேரிகை, அங்குசகிரி என்று பாளையங்கள் இருந்த சீமை இது. பாளையக்காரர் வீட்டுப் பிள்ளையின் தோட்டம்கூடத் தமிழ்ப் பத்திரத்தில் ‘துரை தோட்டம்’ என்று இறங்கியிருக்கலாம். ஆகவே வெள்ளைக்காரர் என்று எழுதிவைத்துக்கொண்டு தேடாதே. துரை என்று மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்.

இனி தேடும் வழி. ஆளைத் துரத்தாமல் நிலத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நட. வெளிநாட்டுப் பெயர் நம் கணக்கர் கையில் ஊருக்கு ஒரு விதமாகத் திரியும். நம் ஊர்ப் பெயர் வெள்ளைக்காரர் கையில் அப்படியே திரியும். கிருஷ்ணகிரியைக் கிஸ்ட்னகெரி என்றும் ஓசூரை ஊசூர் என்றும் எழுதியவர்கள் அவர்கள். நிலம் மட்டும் எங்கேயும் போகாது.

ஆனால் நிலத்தின் எண் மாறும். பல பேர் வழுக்கி விழுவது இங்கேதான். இன்று உன் கையில் இருப்பது உட்பிரிவு எண். 1979-ல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், ஆபீசில் யு.டி.ஆர். என்பார்கள், பட்டாப் பெயர்களும் உட்பிரிவுகளும் புதிதாக எழுதப்பட்டன. அதற்குப் பின்னால் மறுநிலவரித் திட்டப் பதிவேடு, அதற்கும் பின்னால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிலவரித் திட்டப் பதிவேடு, எல்லாவற்றுக்கும் அடியில் பழைய அளவையின் பைமாஷ் எண். ஒவ்வொரு பதிவேட்டிலும் ‘பழைய எண்’ என்று ஒரு பத்தி இருக்கும். அந்தப் பத்திதான் உனக்கு ஏணி. தாலுகா ஆபீசில் ‘அ’ பதிவேட்டுக்கும் புலப்படத்துக்கும் மனு கொடுத்து வாங்கிக்கொண்டு முதல் படியில் கால் வை. ஒரு படியைத் தாண்டிக் குதிக்காதே.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் குதித்தேன். ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினைக்காக மூலம் தேடும்போது, பழைய புல எண்ணும் புதிய புல எண்ணும் தற்செயலாக ஒன்றாக இருந்ததால் ஒரே நிலம் என்று நினைத்துவிட்டேன். ஆறு மாதம் வேறு யாருடைய நிலத்துக்கோ வரலாறு தேடினேன். அதற்குள் அந்த வீட்டுப் பெரியவர் காலமாகிவிட்டார். அவருக்குச் சொல்லவேண்டிய பதில் இன்னும் என்னிடமே இருக்கிறது. அதனால் சொல்கிறேன்: எண் பொருந்தினால் போதாது. ஓடை எங்கே, கிணறு எங்கே, வண்டிப்பாதை எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு படியிலும் புலப்படத்தோடு ஒத்துப் பார்.

பதிவேடுகள் ஒரு பக்கம் இருக்க, பத்திரங்கள் இன்னொரு பக்கம். பத்திரப் பதிவு முறையாக நடக்கத் தொடங்கியது 1860-களின் நடுவில். கணினியில் வில்லங்கம் பார்த்தால் பிந்திய காலத்து விவரம்தான் வரும். அதற்கு முந்தியதற்குக் கையால் தேட மனு போடவேண்டும். அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் இருக்கும். உயில்கள் 3-ஆம் புத்தகத்தில். பெயர் வரிசை இண்டெக்ஸ் ஒன்று, சொத்து வரிசை இண்டெக்ஸ் இரண்டு. பெயர் தெரியாத உனக்கு இரண்டாவதுதான் வழி: கிராமத்தைச் சொல்லித் தேடு. பெயர் அதுவாக வெளியே வரும்.

ஆபீசுக்கு வெளியேயும் கணக்குகள் உண்டு. பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசு 1980-ல் ஒழித்தது. ஒப்படைக்காமல் போன பழைய கணக்குகள் பல வீடுகளின் பரணில் தங்கிவிட்டன. நம் பக்கத்தில் கணக்குப்பிள்ளையைச் சானுபோகர் என்றும் சொல்வார்கள். அந்த வீட்டாரிடம் மரியாதையாகப் போய்க் கேள். கணக்கு தெலுங்கிலோ கன்னடத்திலோ, மிகப் பழையதானால் மராத்தியிலோ இருக்கலாம். படிக்கத் தெரியவில்லை என்று விட்டுவிடாதே. படம் எடுத்து வை, படிக்கத் தெரிந்தவரைத் தேடிப் பிடிப்போம்.

காலக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பசலி எண்ணோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கும். பசலி 1202 என்றால் 1792-93. தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும்: சித்தார்த்தி என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1799-ஆக இருக்கலாம், 1859-ஆக இருக்கலாம், 1919-ஆகவும் இருக்கலாம். வருடப் பெயரை மட்டும் நம்பித் தேதி போடாதே. திப்பு சுல்தான் காலத்துக் காகிதம் கிடைத்தால் இன்னும் கவனம் வேண்டும். அவர் தனக்கென ஓர் ஆண்டுக் கணக்கையே நடத்தினார்.

1792, 1799 இரண்டையும் நினைவில் வை. கிருஷ்ணகிரி, இராயக்கோட்டை, தருமபுரி அடங்கிய பாராமகால், 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினி கைக்கு வந்தது. ஓசூர், தேன்கனிக்கோட்டை இருக்கும் மேட்டுப்பகுதி, 1799-ல் திப்பு இறந்த பிறகுதான் வந்தது. ஒரே மாவட்டம் என்று நாம் இப்போது நினைக்கும் இடத்துக்கு ஆவணக் கணக்கில் இரண்டு பிறந்த நாள். நம் நிலம் மேட்டில் இருக்கிறது. ஆகவே 1792-க்கும் 1799-க்கும் நடுவே அங்கே ஒரு வெள்ளைக்காரர் தோட்டம் போட்டார் என்று யாராவது சொன்னால், நிறுத்திக் கேள்.

பாராமகாலை வாங்கி நிர்வாகம் செய்ய வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ, மக்லியோட், கிரகாம் மூவரும் உதவியாளர்கள். ஊர் ஊராக நிலத்தை அளந்து, ஒவ்வொரு உழவரோடும் நேராகத் தீர்வை பேசும் ரயத்துவாரி முறை உருவானது இவர்கள் கையில், இந்த மண்ணில். மன்றோ தருமபுரியில் ஏழு வருடம் இருந்தார். ஆனாலும் அவரைக் குடியேறியவர் என்று சொல்லக்கூடாது. உத்தியோகம் பார்க்க வந்தவர், 1799-ல் கன்னட மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். உத்தியோகத்தில் வந்தவர் அறிக்கையில் கிடைப்பார். நிலம் வாங்கி உட்கார்ந்தவர் வரிக் கணக்கிலும் வழக்குக் கட்டிலும் கிடைப்பார். தேடும் அலமாரியே வேறு. ரீடும் அவர் உதவியாளர்களும் எழுதியவற்றை ‘பாராமகால் ரெக்கார்ட்ஸ்’ என்று சென்னை அரசு பல பகுதிகளாக அச்சிட்டிருக்கிறது. குடிகள், விளைச்சல், நிலவரி என்று தலைப்புத் தலைப்பாக இருக்கும். எழும்பூரில் 1909-ல் கட்டிய ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன் அதையும், லெ ஃபானு 1883-ல் எழுதிய சேலம் மாவட்டக் கையேட்டையும் படித்துவிட்டுப் போ. அப்போது நாம் சேலம் மாவட்டம். சேலம் என்று கேட்டால்தான் நம் கட்டு வரும்.

ஒரு வெள்ளைக்காரர் நினைத்தவுடன் இங்கே நிலம் வாங்கிவிட முடிந்ததா என்றால், முடியவில்லை. சென்னைப் பட்டணத்துக்கு வெளியே ஐரோப்பியர் நிலம் வைத்துக்கொள்ளக் கும்பினியே நெடுங்காலம் தடை போட்டிருந்தது. 1833-ன் சாசனச் சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. 1837-ன் 4-ஆம் சட்டம் முழுதாகவே திறந்துவிட்டது. அதற்கு முன் நிலம் அனுபவித்தவர்கள் துபாஷி பெயரிலோ வேறு ஆள் பெயரிலோ பினாமியாக வைத்திருந்தார்கள், அல்லது தரிசுக்குக் கவுல் என்னும் குத்தகை வாங்கினார்கள். 1833-க்கு முந்திய கணக்கில் துரையின் பெயரைத் தேடி ஏமாறாதே. அங்கே ஒரு முதலியார் பெயரோ பிள்ளை பெயரோ இருந்து, வரி ரசீது மட்டும் வேறு கைக்குப் போயிருக்கும்.

குடியேறிய துரைக்கு நம் பழைய மாவட்டத்தில் பெரிய உதாரணம் ஜார்ஜ் பிரெடரிக் ஃபிஷர். 1836-ல் சேலம் ஜமீனை விலைக்கு வாங்கினார். தேதியைக் கவனித்தாயா? கதவு பாதி திறந்து, முழுதாகத் திறக்கும் முன். சென்னை மாகாணத்தில் ஒரே ஐரோப்பிய ஜமீன்தார் என்று அவரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். 1802-க்குப் பிறகு சேலம் மாவட்ட நிலங்களை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். மிட்டா மிராசு என்று ஊரில் சொல்வார்களே, அந்த மிட்டாதான். கிஸ்தி கட்ட முடியாமல் பல மிட்டாக்கள் விழுந்தன, கை மாறின. அப்படிக் கை மாறும் ஒவ்வொரு தடவையும் காகிதம் பிறக்கும்: சன்னது, பேஷ்குஷ் கணக்கு, பெயர் மாற்ற மனு, வருவாய் வாரியத்தின் உத்தரவு. ஃபிஷரைத் தேடுகிறவருக்கு இதெல்லாம் கிடைக்கும்.

ஆனால் கண்ணு, நான் உன்னை அனுப்ப விரும்புவது இன்னும் ஒரு படி உள்ளே. ஜமீன்தார் குடியானவருக்குப் பட்டா கொடுக்கவேண்டும், குடியானவர் முச்சலிக்கை எழுதித் தரவேண்டும் என்று 1802-லேயே சட்டம் வந்தது. 1865-ல் குத்தகை வாரம் வசூலிக்கும் சட்டம் வந்தது. பட்டாவை வாங்க மறுத்தார், வாரம் பாக்கி, மரத்தை வெட்டினார், ஏரித் தண்ணீரை மறித்தார் என்று வழக்கு வரும். அதில் வாதி ஒரே ஆள். பிரதிவாதிகள் வரிசையாக முப்பது பேர் இருப்பார்கள், ஒவ்வொருவரும் தகப்பனார் பெயரோடும் ஊரோடும். அந்த உழவர்களின் பெயர் வேறு எந்தப் புத்தகத்திலும் இருக்காது. துரையின் பெயரைத் தூண்டிலாகப் போட்டால், ஒரு கிராமமே மேலே வரும்.

வழக்குக் கட்டு கையில் கிடைத்தால் எல்லாரும் தீர்ப்பைத்தான் முதலில் புரட்டுவார்கள். நீ சாட்சி வாக்குமூலத்திலிருந்து ஆரம்பி. சாட்சி தன் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், தொழில் சொல்லித்தான் பேசத் தொடங்குவார். ‘அந்தக் கிணற்றை யார் வெட்டினார்கள், எந்த வருடப் பஞ்சத்துக்கு முன்னால்’ என்று வக்கீல் குறுக்கு விசாரணை செய்யும்போது, நீ நூறு பேரிடம் கேட்டும் கிடைக்காத பதில் அங்கே ஒரு வரியில் கிடக்கும். பொய்ச் சாட்சியும் உண்டு. ஆனால் வழக்கு நிலத்தின் உரிமை பற்றியதாக இருந்தால் உரிமை பற்றித்தான் பொய் சொல்வார்கள். ஓடை எந்தப் பக்கம் ஓடியது என்பதில் பொய் சொல்ல யாருக்கும் அவசியம் இல்லை. வழக்குக்குச் சம்பந்தமில்லாமல் வாய்தவறி வரும் விவரத்தை அதிகம் நம்பு.

எந்தக் கோர்ட் என்பதையும் தெரிந்துகொள். 1802-ன் சட்டங்களுக்குப் பிறகு ஜில்லா கோர்ட்டுகள் வந்தன. நம் பகுதி வழக்கு சேலத்துக்குப் போனது. வெள்ளைக்காரரின் உயில், வாரிசு விவகாரம் சென்னைக்குப் போகும்: 1801 முதல் சுப்ரீம் கோர்ட், 1862 முதல் ஐகோர்ட். அதற்கும் மேலே லண்டன் பிரிவி கவுன்சில். மேல்முறையீடு போன வழக்கு அச்சில் இருக்கும், உட்கார்ந்த இடத்தில் படிக்கலாம்.

அச்சில் இருப்பதால் ஓர் ஆபத்தும் உண்டு. பிரிவி கவுன்சில் 1860-ல் தீர்த்த ‘ஃபிஷர் எதிர் காமாள நாயக்கர்’ என்ற வழக்கைச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் படிக்கிறார்கள். வழக்கு நடத்தப் பணம் கொடுக்கும் ஒப்பந்தம் பற்றியது. அந்த நூற்றாண்டின் கடைசியில் ‘ஃபிஷர் எதிர் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’ என்று இன்னொன்று. பெயரைப் பார்த்ததும் மூன்று ஃபிஷரையும் ஒரே நோட்டில் ஒட்டிவிடத் தோன்றும். 1836-ல் ஜமீன் வாங்கும் வயதில் இருந்தவர் அறுபது வருடம் கழித்து வழக்காட முடியுமா என்று விரலில் எண்ணிப் பார். பிறகு வழக்கின் முதல் பக்கத்தில் முழுப் பெயர், ஊர், சொத்து மூன்றையும் படி. மூன்றும் பொருந்தும் வரை தனித்தனித் தாளில் வை.

சில சமயம் நம் ஊர்த் துரையின் வழக்கு கடல் கடந்துவிடும். கும்பினி உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலத்து இரும்புக் கல்லை நம்பி 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை போட்டார். பிற்பாடு இங்கிலாந்து போய், எஃகு உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டில் அதை எடுத்துக்கொண்டவர்கள் மேல் போட்ட வழக்கு 1855-ல் பிரபுக்கள் சபை வரை போனது. தீர்ப்பு வரும் முன்பே அவர் இறந்துவிட்டார். சேலம் கலெக்டர் ஆபீசில் மட்டும் தேடியவருக்கு அவர் வாழ்க்கையின் பிற்பாதி கிடைத்திருக்காது.

நம் துரைக்கு அவ்வளவு தூரம் போகவேண்டி வராது. ஆனால் மாவட்ட எல்லைக்குள் நின்றுவிடாதே. ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர்; சேலம் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்கவும் குதிரை எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்? 1809 முதல் பெங்களூரில் கன்டோன்மென்ட் இருந்தது. அதன் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கல்லறைகளுக்கு ஜே. ஜே. காட்டன் 1905-ல் வெளியிட்ட கல்லறை வாசகப் பட்டியல் உண்டு.

அந்தப் பதிவுகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனி. பிள்ளையின் பெயர் இருக்கும், தகப்பன் பெயர் இருக்கும், தாய் என்ற இடத்தில் ‘உள்நாட்டுப் பெண்’ என்று மட்டும் இருக்கும். பெயர்கூட எழுதியிருக்க மாட்டார்கள். அவர் நம் ஊர்க்காரியாக இருக்கலாம், ஓடைக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். உயிலில் சில சமயம் அவருக்கு ஒரு வீடோ மாதப் பணமோ எழுதியிருப்பார்கள். அப்போது பெயர் வரும். வந்தால் அந்தப் பெயரைத் துரையின் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் எழுதிவை.

இன்னொரு வாசலும் திறந்தே இருக்கட்டும். மத்திகிரி கால்நடைப் பண்ணை 1824-ல் பட்டாளத்துக் குதிரைகளுக்காகத் தொடங்கியது. நம் நிலம் அதற்கு எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் அள. துரை அங்கே வேலை பார்த்தவராக இருந்தால் ராணுவ ஆவணத்தில் தேடவேண்டும். ஓசூர்க் கோட்டைப் பக்கம் கலெக்டர் பிரெட் கட்டிய கெனில்வொர்த் மாளிகையைப் பற்றி, இங்கிலாந்துக் கோட்டை மாதிரி வீடு கட்டினால்தான் கல்யாணம் என்று ஒரு பெண் சொன்னதால் கட்டியது என்று கதை சொல்வார்கள். நம் துரைக்கும் அப்படி ஒரு கதை கிடைத்தால் எழுதிக்கொள். யார் சொன்னது, எந்தத் தேதியில் என்று சேர்த்து எழுது. காகிதத்தில் கிடைத்ததோடு கலக்காதே.

கடைசியாக, உன் வயதுக்காரர்கள் நினைத்தே பார்க்காத இடம் ஒன்று: நில எடுப்பு. தொழிற்பேட்டைக்கும் ரோட்டுக்கும் நிலம் எடுத்தபோது ஒவ்வொரு புல எண்ணுக்கும் உடையவர் யார் என்று விசாரித்து உத்தரவு போட்டார்கள். 1894-ன் சட்டப்படி எடுத்த நிலத்துக்கு, இழப்பீடு போதாது என்று கோர்ட்டுக்குப் போனவர்கள் மூலப் பத்திரங்களைக் கொண்டுபோய்த் தாக்கல் செய்தார்கள். வீட்டில் தொலைந்த பத்திரம் அந்தக் கோர்ட் கட்டில் சான்றாவணமாக முத்திரை குத்திக் கிடக்கலாம். கிழக்கே நிற்கும் வாடகை வீடுகளுக்குப் பக்கத்தில் எடுத்த நிலம் ஏதாவது உண்டா என்று பார்.

வருகிற வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அதற்குள் ‘அ’ பதிவேட்டு நகலுக்கு மனு கொடுத்துவிடு. பாட்டியிடம் இன்னொரு முறை போய், கிணற்றை அவர் சின்ன வயதில் யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேள். எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியிலேயே எழுது. கிணற்றுப் படிகளில் எழுத்து ஏதாவது இருந்தால் சுண்ணாம்போ சாக்கட்டியோ தடவாதே. தண்ணீர் விட்டு மெதுவாகத் துடைத்து, காலை ஏழு மணிக்கு வெயில் சாய்வாக விழும்போது படம் எடு. ஓரத்தில் ஓர் அளவுகோலை வைத்துக்கொள். படியில் இறங்குமுன் பாசி இருக்கிறதா என்று பார்த்துக் கால் வை, கண்ணு.

அன்புடன்,
மாமா